கொம்பு வைத்ததையெல்லாம் பிடுங்குங்கள்

இல்லை, நோவேத்து தன் மாமனாரின் கஞ்சா வயலை வேண்டுமென்று அழிக்கவில்லை. ஊர்க்காரி மாம்பிங்கா ஊற்றடியில் வாளியை வைத்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தக் கதை கீழே லுசிகிசிகி டவுன் டாக்சி நிறுத்தத்தில் ஆரஞ்சு விற்கிறவள் வரைக்கும் போய், அங்கே கையும் காலும் முளைத்து, திரும்பவும் மலையேறி வந்திருக்கட்டும். இல்லை என்றால் இல்லை. மலாவிக்காரன் ஒருவனோடு ஓடிப்போனாள் என்பதும் பொய். அந்த மலையில் மலாவிக்காரன் எவனும் இருந்ததில்லை. இருந்த மலாவி எல்லாம் அவள் தோட்டத்துச் செடிதான். செடியோடு ஓடிப்போனாள் என்று சொல்லுங்கள், கொஞ்சம் ஒத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள்: ஒரு மருமகளின் வாயில் வரவே கூடாத சொல்லை, வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னாள் என்று. அது உண்மை. அதை மறுக்கப் போவதில்லை. ஏன் சொன்னாள் என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால், அவளுடைய மாமனார் எந்த இனம் என்று தெரிந்தாக வேண்டும். குலத்தைக் கேட்கவில்லை, குலத்தை அவரே வந்து சொல்லுவார், நீங்கள் கேட்காவிட்டாலும். இது வேறு இனம். உலகத்தில் எல்லா மண்ணிலும் விளைகிறது. மழை வேண்டாம், எரு வேண்டாம், கேட்பதற்கு ஒரு காது இருந்தால் போதும். இதற்குச் சுத்த விதைக்காரர் என்று பெயர்.

சுத்த விதைக்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவர் வயலில் வேலை செய்யமாட்டார். வயலைக் காவல் காப்பார். பின்னால் கைகட்டி, மூக்கை முன்னால் நீட்டி நடப்பார். அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழைந்து, கேட்காமல் ஒரு பூவைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். மூடிய கண் திறக்காது. தோட்டக்காரனுக்கு இவர் நின்றபடியே போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று பயம் வரும். அப்புறம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ம்ம்" என்பார்.

அந்த 'ம்ம்' இருக்கிறதே, அதில் ஒரு புத்தகமே அடங்கும். உன் விதை பஸ் ஏறி வந்தது என்று அர்த்தம். உன் அப்பன் ஏமாந்தான், உன் தாத்தன் யாரென்றே தெரியாது என்று அர்த்தம். விளக்கம் கேட்டால் ஒரே சொல்தான் வரும்: "கலந்துடுச்சு." செடி கலந்துவிட்டது, பால் கலந்துவிட்டது, பிள்ளைகள் பேசுகிற பேச்சு கலந்துவிட்டது, இப்போதெல்லாம் மழைகூடக் கலந்துதான் பெய்கிறது.

"எங்க தாத்தா வெச்சிருந்த விதை," என்று ஆரம்பிப்பார், சோளக் கள்ளின் முதல் குவளையில். இரண்டாவது குவளையில் அந்தத் தாத்தாவுக்குத் தாத்தா வந்துவிடுவார். மூன்றாவதில் அவருக்கு அதைப் பழைய தலைவன் ஒருவன் தன் கையாலேயே கொடுத்திருப்பான். குடம் காலியாகும்போது அந்த விதை வானத்திலிருந்து நேராக இவர்கள் வீட்டு மாட்டுப்பட்டியில் விழுந்திருக்கும். போலீஸ் ஹெலிகாப்டரில் வந்து கஞ்சாவை அழிக்க மருந்து தெளித்த காலத்திலும் அது மட்டும் தப்பித்ததாம். ஏன் தப்பித்தது? சுத்தமாக இருந்ததால். மருந்துக்கே வெட்கம் வந்துவிட்டதாம்.

அந்த மலையின் சுத்த விதைக்காரர் பெயர் ஜோங்கின்குன்ஸி. அவர்கள் பேச்சில் 'ஜோங்கா' என்றால் பார், 'இன்குன்ஸி' என்றால் காளை. காளையைப் பார்த்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். பெற்றவர்கள் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் ஆண் செடியைக் காளை என்றும் பெண் செடியைப் பசு என்றும்தான் சொல்வார்கள். புகைக்கிற பூவைத் தருவது பசுதான், ஆகவே பூத்து மகரந்தத் தூள் பறக்கும் முன்னால் காளைகளைப் பார்த்துப் பிடுங்கிவிட வேண்டும். விதைக்கென்று ஓரமாய் ஒன்றிரண்டை விட்டுவைப்பதோடு சரி. அடுத்தவர் வயல் தூள்தான் அவருடைய ஒரே பகை. காற்றின்மேல் வழக்குப் போட முடிந்திருந்தால் போட்டிருப்பார். வயலைச் சுற்றிச் சோளத்தை நெருக்கமாய் விதைத்து மதில் கட்டினார். ம்சிகாபா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் வாசலில் நிறுத்தி மேல்சட்டையை உதறச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்தாலும் அங்கியை உதறிவிட்டுத்தான் ஜெபம். தேனீயைப் புகைபோட்டு விரட்டினார். ஒருநாள் பக்கத்து வீட்டு நாயின் முதுகைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. நாய்க்குத்தான் பெருமை தாங்கவில்லை.

இத்தனைக்கும் அந்த மக்கள் சொந்தக் குலத்தில் பெண் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பாவம். அப்படியானால் ஜோங்கின்குன்ஸியின் அம்மா வெளியாள். அவருடைய அப்பாவைப் பெற்றவள் வெளியாள். அந்தப் புகழ்பெற்ற தாத்தாவைப் பெற்றவளும் எங்கிருந்தோ தலையில் பாய் சுமந்து வந்தவள்தான். மனிதருக்கு ஆகிற கலப்பு செடிக்கு மட்டும் ஏன் ஆகாது? கேட்டுவிடாதீர்கள். 'ம்ம்' என்பார்.

இப்போது நோவேத்துவுக்கு வருவோம். அது அவள் பிறந்த வீட்டுப் பெயர் அல்ல. மருமகளாய் வந்த அன்று இவர்கள் வைத்த பெயர். 'நம்மவள்' என்று அர்த்தம். பெயர் வைத்ததோடு அந்த வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். கணவன் சுரங்கத்தில் போய்ச் செத்தான். பிள்ளை இல்லை. அவளும் மாமனாருமாய் இரண்டு குடிசையில் இருந்தார்கள். அவள் சோறாக்கினாள், அவர் சுத்தத்தைக் காத்தார்.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு துணி முடிச்சு. அவளுடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தபோது, அடுத்த கட்டிலில் படுத்த மலாவிக்காரர் கொடுத்த விதை அது. அப்பா செத்த பிறகு அவரிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது அவ்வளவுதான்: ஒரு கைப்பிடி விதையும், அதை முடிந்திருந்த அவருடைய கைக்குட்டையும். மாட்டுப்பட்டிக்குப் பின்னால், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், வருஷா வருஷம் நாலு செடி வைப்பாள். அவை கூரைக்கு மேலே வளரும். எல்லாரும் அறுவடை முடித்து ஏப்பம் விட்ட பிறகுதான் சாவகாசமாய்ப் பூக்கும். பழுத்த மாம்பழம்போல வாசம் வரும். மாமனார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார். "ரயிலேறி வந்த மூங்கிலு," என்பார். அவளும் பெரிய மனதுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வீம்புக்கு இரண்டு செடி கூடுதலாய் வைப்பாள்.

கல்யாணமாகி வந்த பெண், மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கிற சொற்களையும் சொல்லக் கூடாது. மற்ற மருமகள்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சொல்லோடு போயிற்று. இவளுக்கு வாய்த்தவர் ஜோங்கின்குன்ஸி. ஆகவே இவளுக்குக் 'காளை'யும் கிடையாது, 'பார்' என்பதும் கிடையாது. பாம்பு வந்தாலும் "பாருங்க" என்று கத்த முடியாது. "கண்ணு வைங்க, கண்ணு வைங்க!" என்றுதான் கத்துவாள். அதற்குள் பாம்பு வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். பெரியவரின் காளை சோளத்தில் இறங்கி மேயும். இவளோ, "மாமா, பட்டியில இருக்கிற கொம்புக்காரரு கொல்லையில இருக்காரு," என்பாள்.

"எந்தக் கொம்புக்காரன்?"

"பெரிய கொம்புக்காரரு, மாமா."

"பேரு இல்லையா அதுக்கு?"

"இருக்கு. உங்ககிட்டதான் இருக்கு."

பெரியவருக்கு இதில் தனி சந்தோஷம். வழக்கத்தை இவ்வளவு சுத்தமாய்க் காக்கிற மருமகள் மலையிலேயே இல்லை என்று கள்குடத்தைச் சுற்றி உட்கார்ந்து சொல்லிக்கொள்வார்.

ஒரு வருஷம் பிப்ரவரியில் அவருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. காளையைப் பார்க்கிறவருக்குக் காளை தெரியவில்லை. ம்தாத்தா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வந்தபோது, செடிகள் அப்போதுதான் ஆணா பெண்ணா என்று காட்டத் தொடங்கியிருந்தன. டாக்சியில் ஏறி உட்கார்ந்தவர் தலையை வெளியே நீட்டி, "காளையெல்லாம் புடுங்கிடணும். ஓரத்துல சிவப்புத்துணி கட்டியிருக்கிற ரெண்டை மட்டும் விட்ரு. ஊரைக் கூப்புட்டுக்கோ, கள்ளு ஊத்து," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் ஊரைக் கூப்பிட்டாள். மாம்பிங்காவின் தலைமையில் பெண்கள் வந்தார்கள். நோவேத்து அடுப்படியில் கள் பானையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இறக்கினால் கெட்டுவிடும், விட்டால் பொங்கிவிடும். பெண்கள் மதில்சோளத்துக்கு அப்பாலிருந்து கத்தினார்கள்.

"ஏ நோவேத்து, எதைப் புடுங்கணும்?"

இங்கேதான் இருக்கிறது எல்லாமே. 'காளையை' என்று சொல்ல முடியாது. ஆண் செடிக்கு அங்கே இன்னொரு பெயரும் உண்டு, கிளைக்கவட்டில் தொங்குகிற மொட்டுகளை வைத்துச் சொல்கிற பெயர். ஆனால் அதை ஒரு மருமகள் மலைக்கு மலை கேட்கக் கத்துவதற்கு அவள் அந்தக் கள் முழுவதையும் தானே குடித்திருக்க வேண்டும். ஆகவே எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"கொம்பு வெச்சதையெல்லாம் புடுங்கிடுங்க! செவப்புத்துணி கட்டினதை மட்டும் வுட்டுடுங்க!"

பெண்கள் குனிந்து பார்த்தார்கள். பெண் செடி முதன்முதலில் பூவைக் காட்டும்போது என்ன செய்யும் தெரியுமா? கணுவுக்குக் கணு, வெள்ளையாய், இரண்டு மயிரை நீட்டும். பார்ப்பதற்கு அச்சாகக் கன்றுக்குட்டிக் கொம்புபோலவே இருக்கும்.

"அடி, கொம்பு இதுலதானே இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"இது பசுடி."

"கொம்பு வெச்சதைத்தானே புடுங்கச் சொல்றா?"

"இன்னொரு தரம் கேளு."

கேட்டார்கள். "கொம்பு வெச்சது, கொம்பு வெச்சது! காதுல என்ன கூழா?" என்று பதில் வந்தது.

மாம்பிங்கா இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "கிழவரு ஏதோ புது வித்தை பண்றாரு போலிருக்கு. சுத்தத்துக்கு மேல சுத்தம்."

"போன் போட்டு அவரையே கேட்டுறலாமா, அக்கா?"

"கேளேன். அவங்க தாத்தாவுக்குத் தாத்தாகிட்டேருந்து ஆரம்பிப்பாரு. என் போன்ல அவ்வளவு காசு இல்ல. புடுங்குடி."

பிடுங்கினார்கள். வயல் முழுக்க இருந்த பசுக்களைப் பிடுங்கி, வேரோடு வெயிலில் குவித்து, கள்ளைக் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பெரியவரின் தாத்தாவின் தாத்தாவின் சுத்தமான வம்சத்தில், ஒரு பெண்ணும் மிச்சமில்லாமல், காளைகள் மட்டும் வரிசையாய் நின்றன. நோவேத்து சாயங்காலம் வந்து கண்டாள். குவியலின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நட்டால் பிழைக்குமா என்று ஒன்றிரண்டை நட்டுப் பார்த்தாள்; தண்ணீர் ஊற்றினாள்; அவை காலையில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. வேண்டுமென்று அழித்தவள் செய்கிற வேலையா இது?

மாம்பிங்காவுக்கு மறுநாளே விஷயம் புரிந்துவிட்டது. பிடுங்கிய கை யாருடையது என்று ஊர் கேட்கும் முன்னால், பிடுங்கச் சொன்ன வாய் யாருடையது என்று அவள் ஊற்றடியில் கேட்டுவிட்டாள். "அவ மலாவிச் செடிக்கு மாப்பிள்ளை வேணும்னே கிழவரோட பசுவையெல்லாம் கொன்னுட்டா." அந்தக் கதை பிறந்த இடம் இதுதான்.

பெரியவர் ஒரு கண்ணில் கட்டோடு வந்து இறங்கினார். கட்டில்லாத கண்ணால் வயலைப் பார்த்தார். தூள் பறந்துகொண்டிருந்தது.

"காளைன்னு ஏன் சொல்லலை?" என்றார்.

"எப்படி மாமா சொல்றது?"

"அந்த ஒரு தரம் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். அன்றைக்குப் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "வீட்டை வுட்டு அனுப்பியிருப்பேன்."

"கேட்டுக்கிட்டேன்," என்றாள் அவள்.

ஆனால் சுத்த விதைக்காரர் இதற்கெல்லாம் அசைகிறவரா? அவரிடம் சுரைக்குடுவை இருந்தது. இந்த இனத்தைச் சேர்ந்த எல்லாரிடமும் ஒரு குடுவை இருக்கும். அடுப்புக்கு மேலே, புகையில், உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதில்தான் அசல் இருக்கும். அதை யாரும் தொடக் கூடாது, திறக்கக் கூடாது, விதைக்கவும் கூடாது. அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடலாம். செப்டம்பர் மழை விழுந்ததும் ஜோங்கின்குன்ஸி அதை இறக்கினார். முன்னோரைக் கூப்பிட்டு, கள் தெளித்து, வயல் முழுக்க விதைத்தார். காத்திருந்தார். நிலவைக் குற்றம் சொன்னார். ஆஸ்பத்திரியைக் குற்றம் சொன்னார். விதைத்த இடத்தில் களை வந்தது, கீரை வந்தது, எங்கிருந்தோ ஒரு பூசணிகூட வந்தது. சுத்தம் மட்டும் வரவில்லை. அத்தனை வருஷம் அடுப்புச் சூட்டில் தொங்கிய விதை வறுத்த கடலையாகியிருந்தது. ஒன்றும் கலக்காமல், ஒன்றும் கெடாமல், சுத்தமாய்ச் செத்திருந்தது.

உயிருள்ள விதை வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது: நோவேத்துவின் கைக்குட்டையில். போன விளைச்சலில் அவளுடைய செடிகள் எல்லாமே பசுவாகப் போயிருந்தன. நின்ற காளையெல்லாம் பெரியவருடையவை. அந்தத் தூள் மாட்டுப்பட்டியைத் தாண்டிப் போய், தாமதமாய் வந்த மலாவிப் பூக்களில் உட்கார்ந்து, பை பையாய் விதை கொடுத்திருந்தது. வயல் நிறையக் காளை நின்றால் தூளுக்கு நாள்கணக்கு ஏது? பாதி மலை, பாதி மலாவி. அவளும் ஒவ்வொரு பூந்தலையாய்ப் பார்த்து, எது சீக்கிரம் பழுத்தது, எது மணத்தது என்று தனித்தனியாய் முடிந்து வைத்திருந்தாள். அப்பாவுடையது அதுதான் இனிமேல், பாதியாவது இருக்கிறதே என்று.

பெரியவர் சமையல் குடிசை வாசலில் வந்து நின்றார். மூக்கைப் பொத்தவில்லை.

"மருமகளே, அந்த முடிச்சுல கொஞ்சம் இருக்குமா?"

"எந்த முடிச்சு? ரயிலேறி வந்ததா?"

"ஏதோ ஒண்ணு. வயலு சும்மாக் கெடக்கக் கூடாதுல்ல."

"தர்றேன், மாமா. ஒண்ணே ஒண்ணு. யாரு கேட்டாலும் எங்கப்பா விதையும் இதுல இருக்குன்னு சொல்லணும். அவரு பேரைச் சொல்லணும்னுகூட இல்ல. 'மருமக அப்பா விதை'ன்னு சொன்னாப் போதும்."

"ம்ம்," என்றார்.

அந்த 'ம்ம்'மை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வந்தது பாருங்கள் விளைச்சல்! மலைச் செடியின் அவசரமும் மலாவியின் உயரமும் சேர்ந்து, மதில்சோளத்துக்கு மேலே எட்டிப் பார்த்து, ஒவ்வொரு பூந்தலையும் கைநீளம். மாம்பழ வாசம் ஆற்றைத் தாண்டிப் போயிற்று. தாத்தா திரும்பி வந்துவிட்டார், முதல் குவளையிலேயே. "குடுவையில இருந்தது மெதுவாத்தான் முளைக்கும். அசல் அப்படித்தான்," என்று பெரியவர் சொல்வதை நோவேத்து ஒருமுறை கேட்டாள், இரண்டுமுறை கேட்டாள். வெளியாள் இல்லாதபோது சொல்லிக்கொள்கிறார், கிழவருக்கு அது மருந்துபோல, வெளியார் வந்து கேட்டால் சொல்லிவிடுவார் என்று இருந்தாள்.

வெளியார் வந்தார். கேப்டவுனிலிருந்து, யாக்கோ என்று ஒருவர். கொண்டை போட்டிருந்தார், செருப்பில்லை, அந்த மலைப் பேச்சு நன்றாகவே வந்தது. கலப்பில்லாத நாட்டுக் கஞ்சா விதையை நாடு நாடாகத் தேடிச் சேர்க்கிறவராம். சட்டம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்ட பிறகு இப்படிப்பட்டவர்கள் மலைக்கு மலை வருகிறார்கள். வாசலில் பெரியவர் சொல்வதற்கு முன்னாலேயே அவர் தன் சட்டையை உதறினார். பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு சுத்த விதைக்காரர்கள் சந்தித்துக்கொள்வதை நீங்கள் பார்த்ததில்லையென்றால், இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துப் பாருங்கள்.

ஊர் கூடிவிட்டது. கள் வந்தது. கொண்டைக்காரர் ஒரு பூவைக் கிள்ளி, தேய்த்து, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார். பெரியவரும் கூடவே மூடினார். யார் முதலில் திறப்பது என்று ஒரு போட்டி நடந்தது.

"இது..." என்றார் யாக்கோ, கடைசியில். "ஐயா, நான் எத்தனையோ வயல் ஏறி இறங்கியிருக்கேன். இந்த மாம்பழ வாசம் வேற எங்கயும் கிடையாது. இது இந்த மலைக்குன்னே உள்ளது. கலப்பே இல்ல. கண்ணை மூடினாலே தெரியுது."

கண்ணை மூடினால்தான் தெரியும். திறந்தால் தெரிந்திராது.

"யாரோட விதை ஐயா இது?"

நோவேத்து கள் குவளையோடு நின்றாள். இதற்காகத்தான் விதைத்த நாளிலிருந்து காத்திருந்தாள். ஒரு வாக்கியம். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

"எங்க தாத்தாவோடது," என்றார் ஜோங்கின்குன்ஸி.

மாம்பிங்கா தன் குவளைக்குள் பார்த்தாள்.

"இவரு பட்டணத்துக்குக் கொண்டுபோவாரு. நம்ம பேரு போட்டு வெப்பாரு, உலகம் பூரா," என்று பெரியவர் மருமகள் பக்கம் திரும்பினார். "உள்ள மீதி முடிச்சு இருக்குல்ல? எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

அவள் குவளையைத் தரையில் வைத்தாள்.

"மாமா, அந்த விதைக்குத் தாய் எங்கப்பா வீட்டுச் செடி."

"காளை என்னோடது. காளை யாருதோ கன்னு அவங்களுது. விருந்தாளி முன்னாடி என்ன பேச்சு?"

"கன்னைப் பத்தி எனக்குத் தெரியாது. புள்ளையைப் பத்தித் தெரியும்." அவள் பெரியவரிடம் பேசவில்லை, ஓரமாய் உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்த்துப் பேசினாள். "பெரியவங்களே, பொண்ணுக்கு மாடு குடுக்காம ஒரு புள்ள பொறந்தா, அது யாரு வீட்டுப் புள்ள?"

பெண் எடுக்கிறவன் அவள் அப்பாவுக்கு மாடு கொடுத்தால்தான் பிள்ளை அவனுடையது; அது அங்கே பால்குடி மறவாத குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். கிழவர்களுக்குத் தெரியாமல் போகுமா? ஆனாலும் வாயைத் திறக்கத் தயங்கினார்கள், கள் பெரியவருடையது. கடைசியில் குழாய் புகைத்துக்கொண்டிருந்த ஒருவர் இருமிவிட்டு, "தாய் வீட்டுப் புள்ளதான். அப்பன் சொந்தம் கொண்டாட முடியாது," என்றார்.

"என் செடிக்கு யாரு மாடு ஓட்டிக்கிட்டு வந்தா? எங்கப்பா பட்டியில இவரு மாடு ஏதாவது நிக்குதா? அந்தத் தூளு வேலி தாண்டி வந்துச்சு, பாயில படுத்துச்சு, எழுந்து போயிடுச்சு. புள்ள எங்க வீட்டுது."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். யாக்கோ கையில் இருந்த பூவை இன்னொரு முறை முகர்ந்து, "மலாவியா? அதான்... நானும் அப்பவே லேசா..." என்று ஆரம்பித்து, அந்த இனத்துக்கே உரிய திறமையோடு, முதலிலேயே தெரிந்ததுபோல் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

பெரியவர் எழுந்து நின்றார். சிரிப்பு அவர் காதில் விழுந்ததா தெரியாது. 'கலந்துடுச்சு' என்று யாரோ முணுமுணுத்தது மட்டும் விழுந்துவிட்டது.

"முடிச்சை இங்க வெச்சுட்டுப் பேசு. இல்லேன்னா இந்த வீட்டுல உனக்கு எடமில்ல. இது சுத்தமான வீடு."

நோவேத்து குடிசைக்குள் போனாள். திரும்பி வந்தபோது தலையில் பாயும், தோளில் போர்வையும், கையில் அப்பாவின் கைக்குட்டையும் இருந்தன. அழவில்லை. மாம்பிங்காதான் அழுதாள், அல்லது புகையாயிருக்கும். "அடி, போகாதடி, கிழவரு கோவத்துல பேசறாரு," என்று கையைப் பிடிக்க வந்தாள். "நீ புடுங்கினது போதும் அக்கா, வுடு," என்றாள் அவள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் சிரித்தீர்கள், தெரியும். பெரியவரைப் போலவா நாம் என்று நிம்மதியாய்க்கூட இருந்திருக்கும். இருக்கட்டும். உங்கள் அடுப்புக்கு மேலே ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். என்ன தொங்குகிறது அங்கே? நீங்கள் பேசுகிற மொழியா, பிறந்த குலமா, உங்கள் அம்மா மட்டுமே சரியாய் வைக்கத் தெரிந்த குழம்பா? அதில் ஒரு விதையை எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பார்த்ததுண்டா? அதுகூட வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது ஏதோ ஒரு சொல்லைத் தொடாமல், சுற்றிச் சுற்றி வளைத்துப் பேசுகிறார்களா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போகாதீர்கள். அவர்கள் அந்தச் சொல்லை எதற்காகவோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கலாம்.

நோவேத்து வாசலைத் தாண்டினாள். தாண்டியபின் நின்றாள். தன் மேல்துணியை எடுத்து, அந்த வீட்டுத் தூசு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதுபோல், நன்றாய் உதறினாள். பிறகு திரும்பி, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாக்கில் படாமல் வைத்திருந்ததை, மலைக்கு மலை கேட்க, நிறுத்தி நிதானமாய்ச் சொன்னாள்.

"ஜோங்கா! இன்குன்ஸி!"

சேர்த்துச் சொன்னால் அது அவர் பெயர். பிரித்துச் சொன்னால், "பார்! காளை!" கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பின்னால், அவிழ்ந்து வந்த பெரியவரின் காளை சோளத்துக்குள் நின்று நிதானமாய் மேய்ந்துகொண்டிருந்தது. பெயரைச் சொன்னாளா, எச்சரித்தாளா என்று ஊர் இன்றுவரைக்கும் அடித்துக்கொள்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டை முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.